கை நடுங்கட்டும், பரவாயில்லை

புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சட்டைக் கடைகளையும் செருப்புக் கடைகளையும் தாண்டிப் போனால், தார்ப்பாயை விரித்துப் பழைய சாமான்களைக் கொட்டி வைத்திருப்பவர்களைப் பார்க்கலாம். ரிமோட், சார்ஜர், மூடி கழன்ற டி.வி.டி. பிளேயர், உயிர்போன வைஃபை பெட்டி என்று எல்லாம் கிடக்கும். அடுத்த முறை வீட்டுப் பெரியவர்களோடு போகும்போது பேரம் பேசி ஒரு வைஃபை பெட்டியை வாங்கி வாருங்கள். டி.வி., சார்ஜர் வேண்டாம். அவற்றுக்குள் இருக்கும் பெரிய மின்தேக்கிகள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும், தொட்டால் உதைக்கும். வைஃபை பெட்டிக்குள் போவது பெரும்பாலும் 12 வோல்ட் அல்லது அதற்கும் குறைவு. அதனால் அதைப் பயமில்லாமல் திறக்கலாம். அடாப்டரை மட்டும் செருகாதீர்கள்.

மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு பச்சைப் பலகை இருக்கும். அதில் நடுநாயகமாக ஒரு கறுப்புச் சதுரம், அதுதான் ஐ.சி. அதைச் சுற்றிப் பழுப்பிலும் கறுப்பிலும் பொடிப்பொடியாக நூற்றுக்கணக்கான துண்டுகள். தாத்தா காலத்து டிரான்சிஸ்டர் ரேடியோவைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். அதில் ஒவ்வொரு மின்தடைக்கும் இரண்டு கம்பிக் கால்கள் உண்டு. கால்களைப் பலகையின் ஓட்டைகளில் நுழைத்து, பின்பக்கம் திருப்பி ஈயம், அதாவது சால்டர் எனும் பற்றாசு, வைத்திருப்பார்கள். இந்தப் பச்சைப் பலகையில் உள்ள பொடித் துண்டுகளுக்குக் காலும் இல்லை, அவற்றுக்கான ஓட்டையும் இல்லை. துண்டுகள் பலகையின் மேற்பரப்பிலேயே உட்கார்ந்திருக்கின்றன. இவற்றுக்கு எஸ்.எம்.டி. என்று பெயர், மேற்பரப்பில் பொருத்தும் பாகங்கள்.

பாகங்களின் அளவை நான்கு இலக்க எண்ணால் சொல்வார்கள். 1206 என்றால் 3.2 மில்லிமீட்டர் நீளம், 1.6 மில்லிமீட்டர் அகலம். 0805 என்றால் 2 மில்லிமீட்டருக்கு 1.25. அடுத்து 0603 வரும். அதற்கும் கீழே 0402. இந்த 0402 உங்கள் பள்ளி அளவுகோலில் அடுத்தடுத்த இரண்டு மில்லிமீட்டர் கோடுகளுக்கு நடுவே படுத்துக்கொள்ளும்; அகலம் அதிலும் பாதி. செல்போன்களுக்குள் இதைவிடச் சிறியவையும் உண்டு. எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு அளவிலிருந்துதான். 0805 என்பது 0.08 அங்குலத்துக்கு 0.05 அங்குலம்.

பல மின்தடைகளின் முதுகில் எழுத்தும் இருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். 103 என்று இருந்தால், 10 எழுதி அதன் பின்னால் மூன்று சுழி போடுங்கள்: 10,000 ஓம். 472 என்றால் 4,700 ஓம். சிலவற்றில் வெறும் 0 என்றோ 000 என்றோ இருக்கும். மின்சாரத்தைத் தடுக்கவே தடுக்காத மின்தடை! பலகையில் ஒரு பாதையைத் தாண்டி இன்னொரு பாதை போகவேண்டிய இடத்தில் வெறும் கம்பியை வைப்பதற்குப் பதிலாக இதை வைப்பார்கள். மற்ற மின்தடைகளை எடுத்து வைக்கும் இயந்திரமே இதையும் வைத்துவிட்டுப் போகும், கம்பிக்கென்று தனி ஆள் வேண்டாம் பாருங்கள்.

இவ்வளவு சின்னதை வீட்டு மேசையில், கையால் பற்றவைக்க முடியுமா? முத்தியால்பேட்டையில் இருக்கும் என் அக்கா மகள், எட்டாம் வகுப்பு, ஒரு 0805 மின்தடையைச் சாமணத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு உடனே கீழே வைத்துவிட்டாள்.

“மாமா, எனக்குக் கை நடுங்குது. நான் பண்ணா வராது.”

“நடுங்கட்டும்மா. உன் வேலை பாதிதான். மீதியை ஈயம் பாத்துக்கும்.”

அவளைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொன்ன பொய் இல்லை அது. பெரியவர்களே பலர், இதற்கு அறுவை மருத்துவரின் கை வேண்டும் என்று நினைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வருவதே இல்லை. உண்மையில் உருகிய ஈயம் தன் பரப்பு இழுவிசையால் அந்தத் துண்டைத் தானே பிடித்து இழுத்து, இருக்கவேண்டிய இடத்தில் உட்கார வைக்கப் பார்க்கிறது. நாம் செய்யவேண்டியது சுத்தமும் சூடும் சரியாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது.

பரப்பு இழுவிசை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, அதன்மேல் டிஷ்யூத் தாள் துண்டை வைத்து, தாளின்மேல் குண்டூசியைப் படுக்க வையுங்கள். தாளை மெல்ல அமுக்கி மூழ்கடித்தால் குண்டூசி மட்டும் மிதக்கும். இரும்பு தண்ணீரைவிட ஏழு எட்டு மடங்கு அடர்த்தி, ஆனாலும் மிதக்கிறது. தண்ணீரின் மேற்பரப்பில் இருக்கும் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதால் அந்தப் பரப்பு குண்டூசியைத் தாங்குகிறது. ஒரு சொட்டு சோப்புத் தண்ணீரை விட்டால் பிடி தளர்ந்து ஊசி மூழ்கிவிடும்.

உருகிய ஈயத்தின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு. இப்போது ஒரு கணக்குப் போடுவோம். 0805 மின்தடையின் எடை சுமார் 5 மில்லிகிராம். அதன் ஒரு முனையின் அகலமான 1.25 மில்லிமீட்டர் முழுக்க உருகிய ஈயம் பிடித்துக்கொண்டால், அந்தப் பிடி சுமார் 50 மில்லிகிராம் எடையைத் தூக்கும் அளவுக்கு இருக்கும். துண்டின் எடையைப் போலப் பத்து மடங்கு! அதனால்தான் ஈயம் உருகியதும் துண்டு அசைகிறது, திரும்புகிறது, சில சமயம் நீந்துகிறது.

0402-க்கு இதே கணக்கைப் போட்டால் பத்து மடங்கு என்பது முப்பது மடங்குக்கு மேல் போகிறது. சிறியதில் பிடி வலுவாகிறதா, எப்படி? ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பாதியாக்குங்கள். எடை எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் ஈயத்தின் இழுப்பு விளிம்பின் நீளத்தைப் பொறுத்தது. அது பாதியாக மட்டுமே குறையும். ஆகவே பாகம் சிறுத்துக்கொண்டே போனால் எடை தோற்கும், இழுவிசை ஜெயிக்கும். நாம் சிரமம் என்று பயப்படும் சின்ன அளவுதான் ஈயத்துக்குச் சாதகமான அளவு. என்னைக் கேட்டால், இந்த வேலையில் தெரிந்துகொள்ளவேண்டிய அறிவியலில் பாதி இந்த ஒரு கணக்கில் இருக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் துண்டின் இரண்டு முனையும் ஒரே நேரத்தில் உருகிய ஈயத்தில் இருக்க வேண்டும். அதற்குச் சால்டர் பேஸ்ட் என்று ஒன்று விற்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஈயக் குண்டுகளை ஃபிளக்ஸ் என்ற பிசுபிசுப்பான பொருளில் குழைத்த சாம்பல்நிறப் பசை. குண்டு ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று நான்கு பங்குதான். பலகையில் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு செம்புத் திட்டுகள் உண்டு, மெக்கானிக்குகள் ‘பேட்’ என்பார்கள். இரண்டிலும் பசையைத் துளி தடவி, துண்டை மேலே வைத்து, சூடான தட்டில் பலகையை ஏற்றுவார்கள். கொஞ்சம் கோணலாகவே வைத்துப் பாருங்கள். பசை மங்கலாகக் கிடக்கும், ஓரத்தில் புகை வரும், திடீரென்று சாம்பல்நிறம் மறைந்து கண்ணாடிப் பளபளப்பு ஓடும். அந்தக் கணத்தில் துண்டு ‘டக்’கென்று திரும்பி நேராக உட்கார்ந்துகொள்ளும். முதல் முறை பார்க்கிற யாரும் கத்தாமல் இருந்ததில்லை. (இதற்கென்று அம்மாவின் தோசைக்கல்லை எடுத்துவிடாதீர்கள். சால்டர் பட்ட தட்டு பிறகு சமையலறைக்குத் திரும்பவே கூடாது.)

இதே இழுப்பு குறும்பும் செய்யும். ஒரு முனையில் ஈயம் முன்னதாக உருகி, மறுமுனையில் பசை இன்னும் உருகாமல் இருந்தால், உருகிய பக்கம் துண்டைத் தன்னை நோக்கி இழுக்கும். துண்டு அப்படியே எழுந்து ஒற்றைக் காலில் நின்றுவிடும். தொழிற்சாலைகளில் இதற்கு ‘டூம்ஸ்டோனிங்’ என்று பெயர், கல்லறைக் கல் எழும்பி நிற்பதாம். 1206-இல் இது அபூர்வம், எடை காப்பாற்றிவிடும். 0402-இல் அடிக்கடி நடக்கும்.

ஈயம் பிடிக்க வேண்டும் என்றால் அது செம்பின்மேல் படர வேண்டும். படராவிட்டால் தாமரை இலைத் தண்ணீராக உருண்டையாய் நிற்கும், தட்டினால் உதிர்ந்துவிடும். படரவிடாமல் தடுக்கும் எதிரி ஆக்சைடு. காற்றில் கிடக்கும் செம்பின்மேல் மெல்லிய ஆக்சைடுப் படலம் வந்துவிடுகிறது. எங்கள் ஊர் போலக் கடற்கரை ஊர் என்றால் உப்புக்காற்று வேறு. வாங்கி வைத்த பலகை சில மாதத்தில் மங்கிப் பழுப்பாகிவிடும். பென்சில் அழிப்பானால் தேய்த்தால் செம்பு பளிச்சென்று திரும்பி வரும். ஆனால் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னின் சூடு பட்டதும் ஆக்சைடு இன்னும் வேகமாக உண்டாகும். அதைப் பற்றவைக்கிற நேரத்திலேயே கரைத்துக்கொண்டிருக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ஃபிளக்ஸ்.

எலெக்ட்ரானிக்ஸில் பெரும்பாலும் பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கும் ராசின் பயன்படுகிறது. இமயமலை அடிவாரத்துச் சீர் பைன் மரங்களைக் கீறி வடிக்கும் பிசின், டர்பன்டைன் எண்ணெயைப் பிரித்த பிறகு, தேன்நிறக் கட்டியாக நிற்கும். அறை வெப்பத்தில் அது சாது. செம்பை ஒன்றும் செய்யாது. சூடுபட்டு உருகியதும் அதிலுள்ள அமிலம் விழித்துக்கொண்டு ஆக்சைடைத் தின்னும். ஆறியதும் மறுபடி சாது.

இந்தத் தந்திரம் நம் ஊருக்குப் புதிதில்லை. நகைப் பட்டறையில் பத்தர் ஊதுகுழலால் தீயை ஊதிச் சங்கிலி வளையத்தைப் பற்றவைக்கும்போது தொட்டு வைக்கிறாரே வெள்ளைப் பொடி, அது வெங்காரம். வேலை அதே வேலைதான், ஆக்சைடைக் கரைப்பது. தங்கத்துக்குச் சூடு மிக அதிகம், அங்கே ராசின் கருகிப் போகும், அதனால் வெங்காரம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருகிறவர் பாத்திரத்தைக் கரியடுப்பில் காயவைத்து நவச்சாரத்தைத் தூவித் தேய்ப்பார், குப்பென்று வெண்புகை எழும்பும். நவச்சாரம் சூட்டில் பிரிந்து ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியைத் தருகிறது, அது உலோகத்தைத் துடைத்துவிடுகிறது. அந்த நவச்சாரத்தை மட்டும் நம் பச்சைப் பலகையின் பக்கம் கொண்டுவந்துவிடாதீர்கள். மிச்சமிருக்கும் உப்பு நாளாக நாளாகச் செம்புக் கோடுகளை அரித்துவிடும். ஹார்டுவேர் கடையில் குழாய் வேலைக்கு விற்கும் ஃபிளக்ஸும் இப்படித்தான்.

ஈயத்துக்கும் இந்த மண்ணுக்கும் இன்னும் பழைய தொடர்பு உண்டு. ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து ரோமானிய வணிகத்தின் தடயங்களை எடுத்தார். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்’ என்ற கடல்வழி நூல் பொதுகே என்று சொல்லும் துறைமுகம் அரிக்கமேடுதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அந்த நூலில் மேற்குக் கரை முசிறிக்கு வந்து இறங்கிய சரக்குகளின் பட்டியல் இருக்கிறது. செம்பு, வெள்ளீயம், காரீயம் மூன்றும் அதில் உண்டு. எகிப்திலிருந்து வந்த சரக்கு கிழக்குக் கரைத் துறைமுகங்களுக்கும் வந்ததாக அதே நூல் சொல்கிறது. அதே நூற்றாண்டில் ரோமில் பிளினி என்பவர், காரீயம் இரண்டு பங்கும் வெள்ளீயம் ஒரு பங்கும் கலந்து தண்ணீர்க் குழாய்களைப் பற்றவைப்பதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். பற்றாசின் செய்முறை அவ்வளவு பழையது.

ஏன் இரண்டையும் கலக்க வேண்டும்? வெள்ளீயம் தனியாக 232 டிகிரி செல்சியஸில் உருகும். காரீயம் 327-இல். இரண்டையும் நூற்றுக்கு 63, 37 என்ற விகிதத்தில் கலந்தால் 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது! சராசரியாக நடுவில் எங்கோ நிற்கும் என்றுதான் யாரும் நினைப்போம், இரண்டுக்கும் கீழே போய்விடுகிறது. வெவ்வேறு அளவுள்ள அணுக்கள் கலந்திருக்கும்போது திடநிலையில் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு நிற்பது சிரமம், திரவமாக இருப்பது சுலபம். பாகங்கள் வெந்துபோகாமல் பற்றவைக்க இந்தக் குறைந்த வெப்பம் பெரிய வரப்பிரசாதமாக இருந்தது.

ஆனால் காரீயம் நஞ்சு, முக்கியமாக வளரும் பிள்ளைகளின் மூளைக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் பெரும்பாலான மின்னணுச் சாதனங்களில் அதைத் தடை செய்தது. இந்தியாவிலும் மின்கழிவு விதிகள் அளவைக் கட்டுப்படுத்துகின்றன. இப்போது தொழிற்சாலைகளில் வெள்ளீயத்தோடு 3 சதவீதம் வெள்ளியும் அரை சதவீதம் செம்பும் சேர்த்த கலவைதான் அதிகம். அது உருக 217 டிகிரியாவது வேண்டும். காரீயத்தை எடுத்ததில் ஒரு தொல்லையும் உண்டு. தூய வெள்ளீயத்தின்மேல், யாரும் எதுவும் செய்யாமலே, மெல்லிய உலோக மயிர்கள் முளைக்கும். மயிர் நீண்டு பக்கத்துக் காலைத் தொட்டால் ஷார்ட். 1998 மே மாதம் கேலக்ஸி 4 என்ற செயற்கைக்கோளின் கட்டுப்பாட்டுக் கணினி படுத்துவிட்டது. அமெரிக்காவில் கோடிக்கணக்கான பேஜர்கள் ஊமையாகிவிட்டன. செல்போனுக்கு முன்னால் செய்தி பெற வைத்திருந்த கருவி அது. வெள்ளீய மயிர்தான் காரணம் என்று சொல்லப்பட்டது. காரீயம் கொஞ்சம் கலந்தால் இந்த மயிர் பெரும்பாலும் முளைப்பதில்லை. விண்வெளிக் கருவிகளில் இன்னும் காரீயம் விடாமல் இருப்பதற்கு இது முக்கியக் காரணம். வீட்டில் பழகும் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. காரீயம் இல்லாத கம்பியையே வாங்குங்கள். கடையில் பழக்கத்தில் ‘லெட்’ என்றுதான் சொல்வார்கள். சுருளின் லேபிளைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். அக்கா மகள் செய்ததை அப்படியே சொல்கிறேன். பலகையில் 0805-க்கான இரண்டு பேட். மார்க்கர் பேனா வடிவ ஃபிளக்ஸால் இரண்டின்மேலும் ஒரு கோடு. அயர்னின் நுனியை ஒரு பேடில் மட்டும் வைத்து, ஈயக் கம்பியை அந்த இடத்தில் தொட்டாள். சின்னதாக ஒரு மேடு வந்தது. இன்னொரு பேடைத் தொடவில்லை, அது தட்டையாக இருக்க வேண்டும். வலது கையில் அயர்ன், இடது கையில் சாமணம். மேட்டை மறுபடி உருக்கிக்கொண்டே, துண்டைப் பலகையோடு சேர்த்துத் தள்ளி உருகிய ஈயத்துக்குள் செருகினாள். மேலிருந்து இறக்கக் கூடாது, பக்கவாட்டில் தள்ள வேண்டும். முதலில் அயர்னை எடுத்து, ஈயம் உறைந்த பிறகுதான் சாமணத்தை விட்டாள். துண்டு சற்றே கோணல். அயர்னை மறுபடி தொட்டதும் சாமணத்தின் லேசான தட்டலிலேயே நேராகிவிட்டது. அதன்பிறகு மறுமுனை: நுனி, கம்பி, எடு. முதல் முனையில் ஃபிளக்ஸ் எரிந்துபோயிருந்ததால் ஈயம் கூராக இழுபட்டு நின்றது. அங்கே ஒரு துளி ஃபிளக்ஸ் விட்டு நுனியால் தொட்டவுடன் கூர் மறைந்து, ஈயம் துண்டின் பக்கவாட்டுச் சுவரில் ஏறி உட்குழிந்த சரிவாக நின்றது. இந்தச் சரிவைத்தான் பார்க்க வேண்டும். வெளிப்புறம் உப்பி உருண்டையாக இருந்தால் ஈயம் கூடுதல், இல்லையென்றால் பிடிக்கவில்லை.

ஒட்டியது என்று நாம் சொல்கிறோமே தவிர, உள்ளே நடப்பது அதைவிட ஆழம். உருகிய வெள்ளீயம் செம்பைக் கொஞ்சம் கரைத்து, ஆறு செம்பு அணுவுக்கு ஐந்து வெள்ளீய அணு என்ற கணக்கில் ஒரு புதிய சேர்மத்தை உண்டாக்குகிறது. ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் தடிமன்தான். ஆனால் பிடிப்பு அங்கேதான். அதிக நேரம் சூடாக்கினால் அந்த அடுக்கு தடித்து நொறுங்கும் தன்மை வந்துவிடும். எனவே ஒரு முனைக்கு இரண்டு மூன்று நொடி போதும்.

அயர்ன் விஷயத்தில் எல்லோருக்கும் வரும் எண்ணம், சின்ன பாகத்துக்கு ஊசிமுனை வேண்டும் என்பது. வேண்டாம். ஊசிமுனை பலகையைத் தொடும் இடம் குறைவு, சூடு இறங்காது. சூடு இறங்காததால் ரொம்ப நேரம் அழுத்திப் பிடிப்போம்; பேட் பலகையைவிட்டு உரிந்து வந்துவிடும். ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள உளிமுனைதான் நல்லது. இன்னொன்று: பழைய ரேடியோ மெக்கானிக்குகள் நுனியை அரத்தால் ராவுவார்கள். அது வெறும் செம்பு நுனி. இப்போது வருவது செம்பின்மேல் இரும்பு முலாம் போட்டது. ஈயம் செம்பைக் கரைத்துவிடும் என்பதற்காகவே போட்ட முலாம். அதை ராவினால் நுனி சில நாளில் குழி விழுந்துவிடும். ஈரமான பஞ்சில் துடைத்து, அணைக்கும் முன் கொஞ்சம் ஈயம் பூசி வைத்தால் போதும்.

ஐ.சி.க்குக் கால்கள் நெருக்கம். ஆர்டுயினோ பலகைகளில் வரும் ஏ.டி.மெகா 328 என்ற ஐ.சி.யின் சதுர வடிவத்துக்கு 32 கால்கள். ஒரு காலின் நடுவிலிருந்து அடுத்த காலின் நடுவுக்கு 0.8 மில்லிமீட்டர். ஒவ்வொன்றாக வைக்க நினைத்தால் பைத்தியம் பிடித்துவிடும். எதிரெதிர் மூலைகளில் ஒவ்வொரு காலைப் பிடிக்கவைத்து ஐ.சி.யை நேராக்கிய பிறகு, ஒரு வரிசை முழுக்க ஃபிளக்ஸைத் தாராளமாகப் பூசி, நுனியில் ஒரு சொட்டு ஈயத்தோடு கால்களின்மேல் மெதுவாக இழுத்துக்கொண்டே போவார்கள். ஈயம் ஒவ்வொரு காலிலும் தேவையானதை விட்டுவிட்டு மிச்சத்தோடு நகர்ந்துபோகும். கால்களுக்கு நடுவில் ஏன் தங்குவதில்லை? அங்கே பச்சைப் பூச்சு இருக்கிறது. அந்தப் பூச்சின்மேல் ஈயம் படராது. பரப்பு இழுவிசை அதைச் செம்பின் பக்கமே இழுத்துக்கொள்ளும். பலகை பச்சையாக இருப்பது அழகுக்காக என்று நினைத்திருந்தால் இனி மாற்றிக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு கால்களில் பாலம் விழுந்தால் ஃபிளக்ஸில் நனைத்த செம்பு வலைத்திரியை வைத்துச் சூடாக்கினால் நுண்புழை ஏற்றத்தால் அதிக ஈயம் திரிக்குள் ஏறிவிடும்.

எங்கள் ஊரின் காற்று இதில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் செய்கிறது. ஈரப்பதம் அதிகம் என்பதால் உடம்பில் நிலைமின்சாரம் சேர்வது குறைவு. குளிர்காலத்து டெல்லியில் கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுரீரென்கிறதே, அந்தப் பொறி ஐ.சி.க்கு எமன். இங்கே அந்தப் பயம் கம்மி. தீமை என்னவென்றால், ஐ.சி.யின் கறுப்பு பிளாஸ்டிக் உடம்பு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பேஸ்ட் வைத்து முழுப் பலகையையும் சூடாக்கும்போது உள்ளே இருக்கும் நீர் ஒரேயடியாக ஆவியாகி உடம்பில் விரிசல் விடும். ஐ.சி. வரும் பையில் ‘168 மணி நேரம்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். பையைப் பிரித்த பின், 30 டிகிரிக்கும் 60 சதவீத ஈரப்பதத்துக்கும் மேல் போகாத அறையில், அவ்வளவு நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று பொருள். புதுச்சேரியில் ஏ.சி. இல்லாத வீட்டில் அப்படி ஒரு அறையே கிடையாது! அதனால் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். அயர்னால் கால்களை மட்டும் சூடாக்கும்போது இந்தச் சிக்கல் அவ்வளவாக வராது.

மேற்பரப்பில் பொருத்தும் இந்த முறையை 1960களில் ஐ.பி.எம். நிறுவனம் முன்னெடுத்தது, சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன் ராக்கெட்டின் வழிகாட்டும் கணினியில் அது இருந்தது. கணினி செய்யும் வேலை எங்கள் பக்கத்துக்கும் புதிதல்ல. ஆரோவில்லில் ஆரெலெக் என்ற பிரிவு 1980களிலேயே கணினிகளைச் செய்து விற்றது. பிறகு எச்.சி.எல்., விப்ரோ, ஏசர், லெனோவோ எல்லாம் புதுச்சேரியில் கணினி ஆலை வைத்தன. சின்ன பாகம் எதற்கு உதவும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது கலாம்சாட்டைத்தான். கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியின் ரிபாத் ஷாருக்கும் நண்பர்களும் செய்த அந்தச் செயற்கைக்கோளின் எடை 64 கிராம். உள்ளங்கைக்குள் அடங்கும் கனசதுரம். 2017 ஜூனில் நாசாவின் ஆய்வு ராக்கெட் ஒன்றில் அது ஏறிப் பறந்தது. கால் முளைத்த பாகங்களை வைத்து 64 கிராமில் அதைக் கட்டியிருக்க முடியாது.

இனி கண்டிப்பான சில வார்த்தைகள். அயர்ன் நுனி 350 டிகிரி வரை சூடாகும். அதைத் தாங்கியில்தான் வைக்க வேண்டும், மேசையில் அல்ல. கண்ணாடி போடுங்கள், சில சமயம் ஃபிளக்ஸ் தெறிக்கும். புகை என்று வருவது ஈயப் புகை அல்ல. காரீயம் கொதிக்க 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். அது ராசின் புகை. ஆனால் அதுவும் சும்மா இல்லை, தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஜன்னலைத் திறந்து வைத்து, மேசை மின்விசிறியைப் புகையை வெளியே இழுக்கும்படி திருப்பி வையுங்கள். உங்கள்மேல் வீசினால் அயர்னும் ஆறிவிடும், மின்தடையும் பறந்துவிடும்; தரையில் விழுந்த 0603-ஐத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் குறைவு. சந்தையில் வாங்கிய பழைய பலகைகளில் காரீயம் இருக்கலாம். அவற்றைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் முறுக்கை எடுக்கக் கூடாது. பிரித்து முடித்த பலகையை எரிக்கவும் கூடாது, குப்பைத் தொட்டியில் போடவும் கூடாது. மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள்.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், 1206 பாகங்களில்தான். அடுத்து 0805. பழகுவதற்கென்றே எல்.இ.டி. ஓடும் சின்ன கிட்டுகள் கிடைக்கின்றன. சென்னை ரிச்சி தெருவிலும் இணையத்திலும் வாங்கலாம். உங்கள் மேசையில் ஒரு லென்ஸ், வளையாத கூர்முனைச் சாமணம், உளிமுனை அயர்ன், ஈயக் கம்பி, ஃபிளக்ஸ் இருந்தால் போதும். சாமணத்தில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள், ஃபிளக்ஸில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். 0402-க்கு ஒரு வருடம் கழித்துப் போனாலும் ஒன்றும் கெட்டுப்போய்விடாது. அயர்ன் சூடாக இருக்கும் நேரம் முழுக்க வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அவருக்கும் ஒரு மின்தடையைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள்.